யானைக்கு நான் கொடுத்த உன் குரல்

அன்பு மகனே,

ஒரே வீட்டில், நடுவில் ஒரு சுவரை மட்டும் வைத்துக்கொண்டு, நலமா என்று கேட்டுக் கடிதம் தொடங்கினால் நாடகம் போல இருக்கும். நீ நலம்தான். சற்று முன்தான் இரண்டாம் முறை சட்டினி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். உன் அப்பா கூடத்தில் உட்கார்ந்து அழைப்பிதழ் கொடுத்தவர்களின் பட்டியலை மூன்றாம் தரமாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். ஆவடியில் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனையில் இருந்த மனிதர், ஓய்வுக்குப் பிறகு சோதிப்பதற்கு எதுவும் கிடைக்காமல் தவித்தார். உன் கல்யாணம் கிடைத்திருக்கிறது. நான் சமையலறை மேசையில் இருக்கிறேன். நீ இனிமேல் கிளம்பி, அலங்காரக்காரரைப் பார்க்க வானகரம் போய்த் திரும்புவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

நான் வேலை பார்த்த பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள் பழைய கும்பன் கதைகளை எல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடப்போவது உனக்குத் தெரியும். சின்ன வயதில் படித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று கவுண்டரில் கேட்கிறார்களாம். என்னிடம் ஒரு முன்னுரை கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு மூன்று நாள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'குழந்தைகளே' என்று தொடங்கினால் பொய் சொல்வது போல இருந்தது. அந்தக் கதைகளுக்குப் பின்னால் இருந்த குழந்தை ஒன்றே ஒன்றுதான், அதற்கு இப்போது மீசை இருக்கிறது, வருகிற புதன்கிழமை அதற்குக் கல்யாணம். அச்சில் செய்த தவறுக்கு மன்னிப்பும் அச்சில்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் முன்னுரை இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடலாம் என்று இருக்கிறேன். ஆனால் நீ படித்துவிட்டுச் சம்மதித்தால்தான் இது அச்சகத்துக்குப் போகும். வேண்டாம் என்றால் கிழித்துப் போடு, கோபித்துக்கொள்ள மாட்டேன். உன்னைப் பற்றி ஊருக்கு எழுதும் முன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு எனக்கு இருபது வருஷம் பிடித்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதுதான் இப்போது அவசரம். புதன்கிழமை காலை அம்பத்தூர் ஆலயத்தில், போதகர் சொல்லச் சொல்ல, நீ ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு திருமண வாக்குறுதியை வரி வரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கோவில் நிறைய ஜனம் இருக்கும். உனக்குத் திக்கும். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன்னையும் அப்பாவையும் காரில் உட்காரச் சொல்லிவிட்டு, பூ அலங்காரம் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன் என்று நான் உள்ளே போனேன் அல்லவா, பூவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போதகரிடம் போய், என் மகன் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டாம், நீங்களே முழுவதையும் வாசித்துச் சம்மதமா என்று கேளுங்கள், அவன் 'ஆம்' என்று ஒரே ஒரு சொல் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு சரி என்றார். நான் நிம்மதியாக வந்து காரில் ஏறினேன். வழியில் நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தாய், நானும் சிரித்துக்கொண்டு வந்தேன். உன் வாக்குறுதியை உன்னைக் கேட்காமல் வெட்டிவிட்டு வருகிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. உறைக்காததற்குக் காரணம், இதே காரியத்தை நான் முன்னொரு முறை செய்து, அதற்காக ஊரெல்லாம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு இதற்கு வருகிறேன்.

பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் அந்தப் பூங்கா வந்த புதிதில் நான் விளம்பரப் பிரிவில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். நீ அப்போது கைக்குழந்தை. ராட்டினத்தையும் தண்ணீர்ச் சறுக்கையும் விடக் குழந்தைகளுக்கு உயிர் அந்த மூன்று வேஷங்கள்தான்: கும்பன் என்கிற யானை, கொக்கு மிஸ், அவசரம் என்கிற ஆமை. வேஷத்துக்குள் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் வேஷம் போட்டவர் வாயைத் திறக்கவே கூடாது என்பது பூங்காவின் சட்டம். ஒருநாள் ஒரு குரல், மறுநாள் ஒரு குரல் என்றால் குழந்தைகளுக்குக் குழப்பம் வரும். கும்பன் கையாட்டுவான், தொப்பையைக் குலுக்குவான், கட்டிக்கொள்வான். அவன் குரல் எப்படி இருக்கும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஊழியர் குடும்பங்களை இலவசமாக உள்ளே விட்ட நாளில் நீ அவன் தொப்பைமேல் சாய்ந்து தூங்கியே போய்விட்டாய். உள்ளே இருந்த ஆள் வியர்வையில் நனைந்தபடி முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர்கூட எனக்கு நினைவில்லை. இந்தக் கடிதத்தில் முதல் நன்றி அவருக்குத்தான்.

உனக்கு எட்டு வயது ஆனபோது, நுழைவுச் சீட்டோடு ஒரு படக்கதைப் புத்தகம் கொடுக்கலாம் என்று முதலாளிக்கு யோசனை வந்தது. மாதம் ஒன்று, பன்னிரண்டு பக்கம், மூன்று பாத்திரங்கள். யார் எழுதுவது என்று பார்த்ததில், சண்டே ஸ்கூலுக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதுகிறவள் என்று யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். மூன்று வயசுக்குப் படம் புரிய வேண்டும், எட்டு வயசுக்குக் கதை புரிய வேண்டும், வாசித்துக் காட்டுகிற அப்பனுக்குக் கொட்டாவி வரக் கூடாது என்றார் மேனேஜர். அது நியாயம். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். கதையில் யாரும் ராட்டினத்தில் இருந்து விழக் கூடாது. யாருக்கும் தண்ணீரில் பயம் வரக் கூடாது. யாரும் தொலைந்து போகக் கூடாது. கேன்டீன் சாப்பாட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. மழை பெய்யக் கூடாது.

"எங்க பார்க்ல எதுவும் தப்பா நடக்கக் கூடாதுமா," என்றார்.

எதுவும் தப்பாக நடக்காவிட்டால் கதை எங்கே இருந்து வரும்? இரண்டு மாதம் முட்டி மோதினேன். கும்பன் வந்தான், ராட்டினம் ஏறினான், மகிழ்ச்சி அடைந்தான் என்று எழுதிக் காட்டினேன். உன் அப்பா படித்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை, ஆனால் இது எந்த வேலைக்கும் ஆகாத உதிரி பாகம் என்றார். படம் போட வந்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதுகிறவர். நாம் போர்டு அண்ணன் என்று கூப்பிடுவோம். அவருக்கு வேறு கவலை. பேச்சை எழுதுகிற அந்த வெள்ளை வட்டத்துக்கு அவர் பலூன் என்பார். நான் எழுதுகிற வசனம் ஒன்றும் பலூனில் அடங்கவில்லை.

"இன்னாம்மா இது, யானை இவ்ளோ பேசினா அது மூஞ்சிய நான் எங்க வரையறது? பலூனே கட்டத்த முழுங்கிடுதே," என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுத்து என்றால் சொல்லைக் குறைப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மனிதர்தான். வளவளவென்று பேசுகிற எனக்கு அது லேசில் வரவில்லை, இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரியும்.

இந்த நெருக்கடியில்தான் ஒரு சாயங்காலம் நீ இதே மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாய். ஒரு சொல்லில் நின்றுவிட்டாய். முதல் எழுத்து வந்தது, மிச்சம் வரவில்லை. நான் பேனாவைக் கீழே வைக்காமலே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தேன், எப்போதும் செய்வது போல. நீ தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாய். அந்த நொடியில் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ராட்டினத்துக்கும் கேன்டீனுக்கும் கெட்ட பெயர் வராத ஒரு கஷ்டம், கும்பனுக்கு உள்ளேயே இருக்கிற கஷ்டம். கும்பன் திக்குவான். அவசரம் மெதுவாக நடக்கும், ஆனால் படபடவென்று பேசும். கொக்கு மிஸ், கும்பன் சொல்ல வருவதை அவனுக்கு முன்னால் தப்புத் தப்பாகச் சொல்லி முடித்துவிடுவார். அவன் தண்ணீர் கேட்க வருவான், அவர் தவில் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். ஒரே மூச்சில் எழுதினேன். மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போர்டு அண்ணன் வரையும்போதே சிரித்தார். முதல் புத்தகம் வந்த வாரம் கேட்டில் குழந்தைகள் கும்பனைச் சுற்றிக்கொண்டு, பேசு பேசு என்று கத்தின. நான் உனக்கும் ஒரு பிரதி கொண்டு வந்து கொடுத்தேன். நீ பன்னிரண்டு பக்கத்தையும் படித்தாய், நல்லா இருக்கும்மா என்றாய், எழுந்து விளையாடப் போய்விட்டாய். அன்றைக்கு நான் உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். படித்த குழந்தை சிரித்ததா என்று பார்க்கத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் நீ வீட்டில் பேச்சைக் குறைத்தாய். பள்ளியில் வாய்ப்பாடு சொல்ல மாட்டேன் என்கிறான் என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். வளர்கிற வயது என்று நினைத்தேன். ஐந்தாவது புத்தகமோ ஆறாவதோ வந்திருந்தபோது உன் பள்ளிக்கூடத்தையே பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டி வந்தார்கள். கதை எழுதியவள் என்ற பெருமையோடு, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, புத்தகக் கட்டோடு நான் கேட்டில் நின்றேன். வரிசையில் உன் வகுப்பு வந்தது. பிள்ளைகள் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கும்பா, கும்பா என்றார்கள். ஒருவன் உன் முதுகில் தட்டி, டிக்கெட் கேளுடா கும்பா என்றான். இன்னொருவன் நீ வாயைத் திறக்கும் முன்னே கொக்கு மிஸ் போலக் கழுத்தை நீட்டிச் சொல்லி முடித்தான். நான் எழுதிய வசனம், அச்சுப் பிசகாமல். நீ அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். அதுதான் என்னைக் கொன்றது. அழுதிருந்தால் ஓடி வந்திருப்பேன். சிரித்துக்கொண்டே, நான் நிற்கிற பக்கம் மட்டும் திரும்பாமல் உள்ளே போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லையே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஊரான் பிள்ளை கதையா இருந்தா, எழுதட்டுமான்னு கேட்டிருப்பேல்லா?"

கேட்டிருப்பேன். பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி எழுதுவதாக இருந்தால் அவன் அம்மாவிடம் நாலு தரம் கேட்டிருப்பேன். சொந்தப் பிள்ளை என்றால் எல்லாம் நம்முடையது என்று நினைத்துவிடுகிறோம்: அவன் சட்டை நாம் வாங்கியது, அவன் தலை நாம் வாரியது, அவன் தொண்டையில் சிக்குகிற சொல்லும் நம்முடையது. பெற்றவர்கள் செய்கிற திருட்டுக்குப் பூட்டும் இல்லை, போலீசும் இல்லை. நீயும் ஒருநாள் தகப்பன் ஆவாய், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பரிகாரம் என்று நினைத்து நான் செய்தது அதைவிடப் பெரிய மடத்தனம். அடுத்த புத்தகத்தில் கும்பனைக் குணப்படுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அவசரம் ஒரு மூலிகை கொண்டு வரும், கும்பன் தின்பான், அருவி மாதிரிப் பேசுவான், பள்ளியில் கேலியும் நின்றுவிடும். எழுதிய தாள்களை மேசையில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். திரும்பி வந்தால் நீ கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நீ அன்று சொன்னதை முழுதாக எழுதுகிறேன். எங்கே நின்றாய், எவ்வளவு நேரம் எடுத்தாய் என்பதை எழுதப்போவதில்லை. அதை ஒருமுறை அச்சடித்து விற்றாயிற்று, போதும்.

"கும்பனைச் சரி பண்ணிடாதம்மா. அவன் சரியாயிட்டா அப்புறம் நான் மட்டும்தான் இப்படி இருப்பேன்."

பிள்ளைகள் கேலி செய்வது எனக்குத் தெரியும், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் புத்தகம் எழுதுவதை நிறுத்திவிடுவேன், எழுதும்போதுதான் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னாய். எட்டு வயது உனக்கு. உன்னை விற்று நான் சந்தோஷப்பட்டேன், அந்தச் சந்தோஷம் கெட்டுவிடக் கூடாது என்று நீ வாயை மூடிக்கொண்டு அடி வாங்கியிருக்கிறாய். பிறகு நீ தாளைத் திருப்பி, பென்சிலால் கொக்கு மிஸ்ஸின் பலூனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாய்.

"இது ஏன் அவனுக்கு முன்னாடியே சொல்லுது? அவனே சொல்வான், வெயிட் பண்ணச் சொல்லு."

தொடரில் மாறியது அவ்வளவுதான், ஆனால் அதோடு எல்லாமே மாறிவிட்டது. அடுத்த புத்தகத்தில் கும்பன் பேசத் தொடங்குவான். அதற்கு அடுத்த கட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள். கொக்கு மிஸ் ஒற்றைக் காலில் நிற்பார், அவசரம் ஓட்டுக்குள் இருந்து தலையை நீட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அதற்கும் அடுத்த கட்டத்தில் கும்பன் சொல்ல வந்தது முழுதாக வரும், அது எப்போதும் அவர்கள் நினைத்ததைவிடச் சுவாரசியமான விஷயமாக இருக்கும். மேனேஜர் கத்தினார். மாதா மாதம் ஒரு கட்டம் முழுக்கச் சும்மா நிற்பதற்கா காகிதம், அந்த இடத்தில் புது ராட்டினத்தின் விளம்பரம் போடலாம் என்றார். நான் பதில் தேடுவதற்குள் போர்டு அண்ணன் முந்திக்கொண்டார்.

"நிக்கட்டும் சார். அந்தக் கட்டத்துலதான் கொயந்திங்க வாயத் தொறந்துகினு பாக்குதுங்க, இன்னா சொல்லப் போறான்னு."

அவர் சொன்னது உண்மையாயிற்று. சிரிப்பு குறைந்துவிடும் என்று பயந்தோம், குறையவில்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டது. அப்புறம் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒரு தாய், திக்கிப் பேசுகிற என் மகள் வகுப்பில் முதல் தடவையாகக் கையைத் தூக்கினாள், கும்பனுக்குக் கொடுப்பது போல எனக்கும் நேரம் கொடுப்பீர்களா என்று டீச்சரிடம் கேட்டாளாம் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொள்ள நான் தகுதி இல்லாதவள் என்று உன்னிடம் கொடுத்தேன். நீ அதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாய். அன்று முதல் தொடர் முடிகிற வரை ஒவ்வொரு கதையையும் முதலில் படித்தது நீதான். மேனேஜர் சரி என்றாலும் நீ குறுக்கே கோடு போட்டால் நான் மாற்றி எழுதினேன். புத்தகத்தில் என் பெயரும் போர்டு அண்ணன் பெயரும்தான் போட்டார்கள். வரப்போகும் தொகுப்பில், நீ சம்மதித்தால், மூன்றாவது பெயராக உன் பெயரும் இருக்கும். நன்றி என்ற சொல்லை உன்னிடம் நான் சொன்னதே இல்லை, வீட்டுப் பிள்ளைக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். என்னை எழுத்தாளர் ஆக்கியது நீ. என் முதல் நல்ல கதையை நீதான் சரி பார்த்தாய், அதுவும் நான் உனக்குச் செய்ததை எல்லாம் தெரிந்துகொண்டே.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று முடித்தால் அது முன்னுரைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். புத்தகத்தில் கொக்கு மிஸ்ஸைக் காத்திருக்க வைத்துவிட்டு, வீட்டில் நானே கொக்கு மிஸ்ஸாக இருந்தேன். ஓட்டலில் உனக்கு மசால் தோசை நான் சொன்னேன். உனக்கு வெங்காய ஊத்தப்பம்தான் பிடிக்கும் என்று நீ வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. போன் மணி அடித்தால் நான் எடுத்தேன். கல்லூரிச் சேர்க்கைக்கு உன்னோடு வந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்ல, விண்ணப்பம் வாங்கிய அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, படிக்கப்போவது நீங்களா உங்கள் மகனா என்று கேட்டார். நீ அப்போதும் சிரித்தாய். பிறகு உன் சொந்த முயற்சியில் வேலைக்குப் போனாய், கூட்டங்களில் பேசினாய், உன் கீழே வேலை பார்க்கிறவர்கள் நீ முடிக்கும் வரை காத்திருந்து கேட்டார்கள் என்று ஷீபா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். உனக்குப் பேச்சு வருகிற இடங்களில் எல்லாம் நான் இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்லாமல் ஒரு தாய் கடிதம் எழுதினால் அது செல்லாது. என்னிடம் இருப்பது இரண்டுதான், இரண்டுமே தவறு செய்து கற்றது. ஷீபாவைப் பற்றிய கதை எவ்வளவு வேடிக்கையானதாக இருந்தாலும், அலுவலகத்தில் சொல்லும் முன் அவளிடம் கேள். நாலு பேர் சிரிக்கிற கதைக்கு வீட்டில் ஒருத்தர் அழுதிருப்பார். அப்புறம், அவள் சொல்ல வருவது உனக்கு முன்பே தெரியும் என்று தோன்றும், வருஷம் போகப் போக இன்னும் தோன்றும். முப்பது வருஷமாக உன் அப்பா வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். முந்தாநாள், என்னை நினைத்தால் அவருக்குப் பெருமையாக இருக்கிறது என்றார். உப்பு கேட்கப் போகிறார் என்று நான் டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஷீபாவுக்கு வருகிறேன். வியாழக்கிழமை ரவிக்கை அளவு காட்ட வந்தாளே, அன்று நீ வேலைக்குப் போயிருந்தாய். திருமண ஆராதனை முறைமையை அச்சடிக்கப் போதகர் அவளுக்கு அனுப்பியிருந்தார். அதில் உன் பகுதியில் 'ஆம்' மட்டும் இருந்தது, அவள் பகுதியில் வாக்குறுதி முழுதும் இருந்தது. ஏன் என்று அவரிடம் கேட்டிருக்கிறாள், அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். அவள் கோபமாக வரவில்லை. நான் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரை அலம்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் என்று நான் தொடங்கினேன். நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"அத்தை, அது அவர் எனக்குச் சொல்ற வார்த்தை. அதுல ஒரு எழுத்துகூட எனக்குக் குறையக் கூடாது. அவருக்கு அரை மணி நேரம் ஆனாலும் நான் கையப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

இத்தனை நாள் அந்த வாக்குறுதியை உனக்கு வைத்த பரீட்சை என்றுதான் நான் பார்த்தேன். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள எதிரே ஒருத்தி நிற்பாள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. எட்டு வயதில் உன்னிடம் இருந்து எடுத்தேன், இப்போது அவளுக்கு வர வேண்டியதிலும் கை வைத்துவிட்டேன். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன்னிடம் இதை அவள் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கள் அத்தை என்று விட்டுவிட்டாள். நீ அதிர்ஷ்டக்காரன். நானும்தான்.

நேற்றுக் காலை ஆலயத்துக்குப் போய்ப் போதகரைப் பார்த்து, நான் கேட்டது தவறு, பழையபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், இதையும் உன்னைக் கேட்காமலே செய்துவிட்டேன் என்று உறைத்தது. பழக்கம் லேசில் போகாது. அதனால் திரும்ப உள்ளே போய், என் மகன் வந்து உங்களிடம் பேசுவான், அவன் சொல்கிறபடி செய்யுங்கள் என்று சொன்னேன். முழுதாகச் சொல்வதா, 'ஆம்' மட்டும் சொல்வதா, நீயே போய்ச் சொல்லிவிட்டு வா. அச்சுக்குக் கொடுக்கத் திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது. எனக்கு என்ன ஆசை என்று நீ கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் இன்று ஒப்புக்கொள்கிறேன். நீ ஒரு சொல்லில் நிற்கும்போதெல்லாம் என் உதடுகள் அந்தச் சொல்லை உனக்கு முன்னால் சொல்லிவிடும். சத்தம் வராது. இதை யாரும் கவனித்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நீ பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சுவரைப் பார்ப்பாய், அப்பாவைப் பார்ப்பாய், உன் கையைப் பார்ப்பாய். ஏன் என்று நேற்று ஆலயத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. புதன்கிழமை முதல் பெஞ்சில் இருப்பேன். நீ எதைச் சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், நடுவில் ஒரு தடவை திரும்பி என்னைப் பார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன்னிடம் கடன்பட்ட,
அம்மா